சின்னத்துரையின் ஆணி டயர்கள்

என் கொழுந்தனின் பெயரை இருபத்தொரு வருஷமாக நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் கரகண்டாப் பக்கத்தில் மருமகளாகப் போனவள் புருஷன் வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டாள். மாமனாரிலிருந்து தொட்டிலில் கிடக்கிற பிள்ளை வரை ஒவ்வொருவருக்கும் அவளே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவனுக்கு ஐந்து வயது. என் முக்காட்டை விலக்கி முகத்தை ஊருக்குக் காட்டிய நேரத்தில், முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "மூக்கு ரொம்பப் பெருசா இருக்கே, மாத்தித் தர மாட்டாங்களா?" என்று கேட்டான். கூடமே சிரித்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அன்றைக்கே அவனுக்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்தேன்.

அவனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது மாமியார் போய்விட்டார். அதற்குப் பிறகு அவன் என் கையில் வளர்ந்தான். பல் விழுந்ததும், மீசை முளைத்ததும், முதல் தடவை குடித்துவிட்டு வந்து செருப்படி வாங்கியதும் என்னிடம்தான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "இருக்கிற ஒண்ணையே மேய்க்க முடியல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

என்னைப் பெயர் சொல்ல வைப்பது அவனுக்கு ஒரு விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "நீங்க யார் வீட்டுலேருந்து வர்றீங்க?" என்று கேட்டால், "ஜன்னலை ஒடச்சான் பாருங்க, அவன் வீட்டுலேருந்து" என்பேன். அவன் ராணுவத்தில் இருந்தபோது முகாமுக்குப் போன் செய்தேன். எந்தச் சிப்பாய் வேண்டும் என்று கேட்டார்கள். "காது ரெண்டும் வெளியில நீட்டிக்கிட்டு இருக்குமே, அவன்" என்றேன். சரியாக அவனையே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவன் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒரு தடவை அண்ணி. ஒரே ஒரு தடவை சொல்லுங்க. உங்க வாயால அது எப்படி இருக்கும்னு கேக்கணும்."

"உனக்குன்னு ஒருத்தி வருவா. அவ காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஏலம் போடுவா. அப்ப கேட்டுக்கோ."

எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது, மறைக்க மாட்டேன். இந்தக் காலத்துப் பெண்கள் மாமனாரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கரகண்டா நகரத்திலேயே இந்த வழக்கத்தை ஒரு தடவைகூடத் தவறாமல் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

இருபத்தாறு வயதில் அவனுக்கு இரண்டு பைத்தியங்கள் ஒன்றாகப் பிடித்தன. ஒன்று குன்சுலு என்கிற பெண். நூற்றெழுபது கிலோமீட்டர் தள்ளி, சாரிபுலாக் கிராமத்தில் பள்ளி ஆசிரியை. நல்ல பெண். நானே போய் அவள் காதில் கம்மல் போட்டு, எங்கள் வீட்டுக்கு என்று உறுதி செய்துவிட்டு வந்தேன். ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம். இன்னொன்று ஒரு வெள்ளைக் கார். யாரோ ஓட்டித் தீர்த்ததை வாங்கி, ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு, குட்டையான ஸ்பிரிங்குகளை மாட்டி, காரைத் தரையோடு தரையாக உட்கார வைத்திருந்தான். வெல்டிங் வேலையில் சம்பாதித்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போனது.

"இது காரா, கம்பளமா? எறும்பு குறுக்கே வந்தாக்கூட ஹாரன் அடிக்கணும் போலிருக்கே" என்றேன்.

"கல்யாணத்தன்னைக்கு இருபது கார் வரிசையா வரும்ல அண்ணி. முன்னால நம்மளுது தரையை நக்கிக்கிட்டு வரும். அப்ப பாருங்க."

"நக்கட்டும். முனிசிபாலிட்டிக்குக் கூட்டற வேலை மிச்சம்."

நகரத்தின் கிழக்கு ஓரத்தில் டயர்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு முனையில் எனக்கு ஒரு கடை, இறைச்சி அடைத்த சம்சா சுட்டு விற்கிறேன். அக்டோபர் கடைசியில் முதல் பனி விழும் நாளில் எனக்கு நல்ல வியாபாரம். ஒரு வாரம் முன்பே வந்திருக்கலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றாது. ஊர் முழுக்க அன்று காலையில்தான் கார் வழுக்குகிறது என்று கண்டுபிடித்து, அந்தத் தெருவில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அந்த வரிசையில் சின்னத்துரையும் நின்றான். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நானும் எவால்ட் அண்ணன் கடைக்குப் போனேன். தனியாக விட்டால் கண்ணுக்கு அழகானதை மாட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

எவால்ட் அண்ணன் ஜெர்மன்காரர். கரகண்டாவிலேயே பிறந்து அறுபது வருஷமாக இங்கேயே இருக்கிறவர். அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க ரோட்டுல குழியே இல்லையாம். எனக்கு யாரு சோறு போடுவா?" என்பார்.

"எவால்ட் அண்ணே, இதே ரிம்முக்கு ஒட்டு டயர் போட்டுடுங்க" என்றான் சின்னத்துரை. "அகலமா, பட்டையா. பாக்கறவன் வாயைப் பொளக்கணும்."

ஆணி இல்லாமல் மெத்தென்ற ரப்பரில் வருவதை எங்கள் ஊரில் ஒட்டு டயர் என்போம். சத்தம் போடாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

"எங்க ஓட்டப்போற?" என்று கேட்டார் எவால்ட் அண்ணன்.

"ஊருக்குள்ளதான்."

"பொய்" என்றேன். "வாரா வாரம் சாரிபுலாக் போறான். போகாத வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு என் உசிரை வாங்கறான்."

எவால்ட் அண்ணன் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டார். "ஊருக்குள்ளன்னா உப்புப் போடறான், பனி கூழாயிடுது, அதுக்கு ஒட்டு டயர் போதும். ஊருக்கு வெளிய ஸ்டெப்பிப் பொட்டல்ல உப்புப் போட யாரு இருக்கா? காத்து அடிச்சு அடிச்சு ரோட்டைக் கண்ணாடி பண்ணி வெச்சிருக்கும். அங்க ஆணி இல்லாம ஓட்டினா பொண்ணு வீட்டுக்குப் பின்பக்கமாத்தான் போய்ச் சேருவ. அப்புறம், அகலம் வேண்டாம். அகலமான டயர் பனி மேல ஏறி மிதக்கும். ஒடுங்கினது பனியை அறுத்துக்கிட்டுத் தரையைத் தொடும். ரெண்டு அங்குலம் சின்ன ரிம், ஒசந்த ரப்பர், ஆணி. நாலும் ஒரே மாதிரி. முன்னாடி புதுசு பின்னாடி பழசுங்கற பேச்சே கிடையாது."

"அண்ணே, கார் தாத்தா கார் மாதிரி ஆயிடும்."

"தாத்தா ஆகணும்னா முதல்ல உசிரோட இருக்கணும்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றினேன். கடைசியில் ஒடுங்கின ஆணி டயருக்கு அவன் இறங்கி வந்தான். முகத்தைப் பார்த்தால் பல் பிடுங்கப் போகிறவன் போலிருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். எவால்ட் அண்ணன் குனிந்து தன் சிகரெட் பெட்டியைக் காருக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளினார். போனது. பெட்டியை நிமிர்த்தி வைத்துத் தள்ளினார். இடித்துக்கொண்டு நின்றது.

"பாத்தியா? உலகத்துல உள்ள நல்ல டயரெல்லாம் கொண்டுவந்து மாட்டறேன். டயரு தரையைப் பிடிக்கும். ஆனா வண்டி வயிறு பனியில உக்காந்துருச்சுன்னா டயரு எதைப் பிடிக்கும்? காத்தையா? பழைய ஸ்பிரிங் எங்க?"

"கொட்டகையில இருக்கு. கல்யாணம் முடியட்டும்ணே, மாத்திடறேன்."

"பனி உன் கல்யாணத்தைக் கேட்டுட்டா விழும்? போய் எடுத்துட்டு வா. இன்னைக்கே மாத்தறேன், கூலி வேண்டாம்."

சின்னத்துரை என்னைப் பார்த்தான். கண்ணில் அந்தப் பழைய விஷமம் வந்தது.

"சரி. அண்ணி என் பேரைச் சொல்லட்டும். ஒரே ஒரு தடவை. இப்பவே போய் ஸ்பிரிங்கை எடுத்துட்டு வர்றேன்."

எவால்ட் அண்ணன் என் பக்கம் திரும்பினார். வரிசையில் நின்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள். எங்கள் ஆட்கள்தான், வழக்கம் தெரிந்தவர்கள். எல்லாருக்கும் முகத்தில் சிரிப்பு.

"சொல்லிடு ஸெய்னெப்" என்றார் எவால்ட் அண்ணன். "உங்க வழக்கம் எனக்குத் தெரியும். ஆனா இது மலிவா வருது."

பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாக வந்தது. இரண்டே இரண்டு அசை. மாமியாருக்கு முதலில் இரண்டு பிள்ளைகள் பிறந்து நிற்காமல் போய்விட்டன. மூன்றாவது பிள்ளை என் வீட்டுக்காரர். நான்காவதாக, வயசான காலத்தில் இவன் பிறந்தபோது, இதுவும் நிலைக்கட்டும் என்று பயந்து பயந்து, அதே அர்த்தத்தில் வைத்த பெயர் அது. அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொரு வருஷம் காப்பாற்றியதை ஒரு சிகரெட் பெட்டி உயரத்துக்காக, டயர்க் கடை வாசலில், பத்து ஆம்பிளைகள் சிரிக்க விட்டுக்கொடுப்பேனா என்று வீம்பு வந்தது.

"ஆசை தோசை" என்றேன். "சொன்னா உங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வந்து என் கொண்டையைப் பிடிப்பாங்க. துரை சௌகரியம் போல ஜனவரியிலேயே மாத்திக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஜெயித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எவால்ட் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நாலு டயரையும் மாட்டி முடித்து, சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்: "முதல் ஐந்நூறு கிலோமீட்டர் பதமா ஓட்டு. ஆணி உள்ள உக்காரணும். திடீர்னு கெளப்பாதே, திடீர்னு பிரேக் போடாதே. டிக்கியில ஒரு மண்வெட்டி மட்டும் வை, வேற ஒண்ணும் ஏத்தாதே, வண்டி தாங்காது. சிக்கிக்கிட்டா எஞ்சினை நிறுத்து. எஞ்சினை ஓட விட்டேன்னா முதல்ல புகைக்குழாயைத் தோண்டி வெளிய விடு. அது பனியில மூடிக்கிச்சுன்னா புகை வண்டிக்குள்ள வந்து, உனக்கே தெரியாம தூங்கிடுவ, அப்புறம் எழுந்திரிக்க மாட்ட."

"தெரியும்ணே. நான் என்ன பனிப்புயல் தெரியாத அல்மாட்டிப் பட்டணத்துலேருந்தா வந்திருக்கேன்?" என்றான்.

நவம்பர் முழுக்க ஒரு குறையும் இல்லை. வாரா வாரம் போய் வந்தான். திரும்பி வந்ததும் என் கடை வாசலில் நிறுத்தி, ஆணிகள் தார் ரோட்டில் கரகரவென்று போடும் சத்தத்தைக் கேட்கச் சொல்லுவான். "தாத்தா வர்றார்னு ஊருக்கே தெரியுது" என்பான். எனக்கும் பயம் விட்டுப்போனது.

டிசம்பரில் குளிர் கெட்டியானதும் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட என்று வளர்த்த குதிரையை எங்கள் வீட்டில் அறுத்தோம். அந்த இறைச்சியில் உறவுக்காரர்களுக்கு அவரவர் பங்கு போக வேண்டும். அந்த வருஷம் புதுச் சம்பந்தி. முதல் பங்கு, முதல் வருஷம். அங்கேதான் என் புத்தி கெட்டது. தொடை, விலா, கையளவு தடிமனில் குதிரைக் கொழுப்பு அடைத்த குடல் என்று நாலு பெட்டி நிறையக் கட்டினேன். என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சின் ஓட்டுநர், அன்றைக்கும் பால்காஷ் பக்கம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் பாதியாகக் குறைத்திருப்பார். நான் விடவில்லை. மூக்குதான் பெரிசு, கை சின்னது என்று சாரிபுலாக்கில் என்னைப் பற்றி ஒரு பேச்சு வரக் கூடாது.

"அண்ணி, எழுபது கிலோ இருக்கும். எவால்ட் அண்ணன் ஒண்ணும் ஏத்தாதேன்னாரு."

"எவால்ட் அண்ணனுக்குச் சம்பந்தி வீடா இருக்கு? டயர்தான் புதுசா இருக்கே. போ."

டிக்கியைத் திறந்தபோது உள்ளே மண்வெட்டி கிடந்தது. நாய்க் கூண்டைச் சுரண்டி எடுத்த மண்வெட்டி. சம்பந்தி வீட்டுப் பங்கோடு அதை வைப்பதா என்று எனக்கு அருவருத்தது. நானே அதை எடுத்து வெளியில் போட்டேன். பின்சீட்டில் வைக்கலாம் என்றால், கல்யாணத்துக்காக வெள்ளை உறை மாட்டியிருந்தான்.

"அது குன்சுலு உக்கார்ற இடம் அண்ணி. நாய் வாசம் அடிக்கும்."

"அப்ப வீட்டுலேயே இருக்கட்டும். பட்டப்பகல்ல போற. வழியில யாருகிட்டயும் மண்வெட்டி இல்லாமலா போயிடும்?"

இதைச் சொன்னது நான். வேறு யாரும் இல்லை.

கார் கிளம்பியபோது பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. வாசலில் இருந்த சின்னப் பனிமேட்டில் வயிறு உரசி ஒரு சத்தம் வந்தது. அவன் கண்ணாடியை இறக்கினான்.

"கேட்டுச்சா? உங்க சீர்தான் அண்ணி தேயுது."

"தேஞ்சா தேயட்டும். போன் பண்ணு."

சிரித்துக்கொண்டே போனான். ஆணிகளின் கரகரப்பு தெரு முனை வரை கேட்டது.

காற்று சாயங்காலம்தான் வரும் என்று வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். நடுப்பகலிலேயே வந்துவிட்டது. எங்கள் ஸ்டெப்பிப் பொட்டலில் பனிப்புயல் வந்தால் கையை நீட்டினால் கை தெரியாது. சாரிபுலாக் சாலையை மூடிவிட்டார்கள் என்று போனில் செய்தி வந்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மூடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பான், இல்லையென்றால் தடுப்பில் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவன் போன் கிடைக்கவில்லை. குன்சுலு வீட்டுப் போனும் கிடைக்கவில்லை. கம்பம் விழுந்திருக்கும், அது அங்கே வழக்கம்தான். அவன் அங்கே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அனுப்பிய இறைச்சியைத் தின்றுகொண்டிருப்பான் என்று நான் இங்கே நினைத்தேன். புயலைப் பார்த்துவிட்டு அவன் கிளம்பியே இருக்க மாட்டான் என்று அவர்கள் அங்கே நினைத்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒருவரும் தேடவில்லை.

மறுநாள் முழுக்கக் காற்று நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. வாசலில் பனி தள்ளுவதற்காக மண்வெட்டியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் போன் வந்தது. சாலை மீட்புக்காரன் ஒருவன்.

"அக்கா, ஒரு போனுக்குச் சார்ஜ் போட்டுப் பாத்தோம். அதுல உங்க நம்பர் 'அண்ணி'ன்னு இருக்கு. வெள்ளைக் கார் உங்க வீட்டுதா?"

"ஆமா. அவன்கிட்ட குடுங்க."

எங்கள் ஊரில் இந்தச் செய்தியை யாரும் நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, குதிரையில் ஆரம்பித்து, வானத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றித்தான் வந்து சேர்வார்கள். போன் செய்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அந்த மாதிரிப் பேசத் தெரியவில்லை.

"அக்கா," என்றான், "தனியா வராதீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரின் ரயில் எங்கேயோ பனியில் நின்றிருந்தது. எவால்ட் அண்ணன்தான் தன் பழைய வேனில் என்னைக் கூட்டிப்போனார்.

சாரிபுலாக்குக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும் இடத்தில், பனி தள்ளும் வண்டிக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக் கார் இருந்தது. அவனை ஏற்கெனவே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காரைச் சுற்றிப் பனியைத் தோண்டியிருந்தார்கள். சாலைக்குக் குறுக்கே கெட்டியாகக் குவிந்த ஒரு பனிமேட்டின் மேல் அது வயிறு பதிய உட்கார்ந்திருந்தது. சக்கரங்களுக்கு அடியில் பனி பறிந்து குழியாகி, நாலும் கீழே எதையும் தொடாமல் தொங்கின.

எவால்ட் அண்ணன் மண்டிபோட்டு, கையுறையைக் கழற்றி, முன்சக்கரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பின்சக்கரத்துக்கும் போனார். பிறகு தொப்பியை எடுத்துவிட்டார்.

"ஒரு ஆணிகூட விழல" என்றார். "நான் சொன்ன மாதிரியே பதமா ஓட்டியிருக்கான்."

அந்தப் பையன், போன் செய்தவன், அங்கேதான் இருந்தான். எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்: "பின்னால புகைக்குழாயை ரெண்டு மூணு தடவை தோண்டியிருக்கார் அக்கா. கையாலயும், ஒரு பெட்டி மூடியாலயும். மூடி ஒடஞ்சு கிடந்துச்சு. காத்து மறுபடி மறுபடி மூடியிருக்கு. களைச்சுப்போய், எஞ்சினைப் போட்டுக் கொஞ்சம் சூடாக்கிக்கலாம்னு உள்ள போய் உக்காந்திருப்பார். வலி தெரிஞ்சிருக்காது."

சாலை ஓரத்தில் என் நாலு பெட்டிகளும் வரிசையாக இருந்தன. பாரம் குறையட்டும் என்று அவன் இறக்கி வைத்திருக்கிறான். புயலில் நின்றுகொண்டுகூட, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நேராக அடுக்கி வைத்திருக்கிறான். ஒன்றுக்குத்தான் மூடி இல்லை. இறைச்சியில் ஒரு துண்டு குறையவில்லை. அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோது எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அறைந்துகொண்டேன். எவால்ட் அண்ணன் கையைப் பிடித்தார்.

"டயரைத் தேர்ந்தெடுத்தது நான்" என்றார். "ஸ்பிரிங்கைப் பாத்துட்டும் போகவிட்டதும் நான்தான்."

"நீங்க சொன்னீங்கண்ணே. நீங்க எல்லாமே சொன்னீங்க."

மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு அறையில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்து, பனியில் விளையாடிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த பிள்ளை போல இருந்தான். விரல் நகங்களில் மட்டும் ரத்தம் உறைந்திருந்தது. அந்த நீண்ட காதுகளை நான் தொட்டேன், கல்லாக இருந்தன. குன்சுலுவும் அவள் அப்பாவும் வெளியே நடையில் நின்றிருந்தார்கள். அவள் காதில் நான் போட்ட கம்மல்.

ஒரு அதிகாரி காகிதங்களோடு வந்து உட்கார்ந்தார். வயசானவர், தன்மையான மனுஷர். தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"அண்ணி."

"இவர் பேரு?"

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கோட்டுல லைசென்ஸ் இருக்கும்மா, எங்களுக்குத் தெரியும். ஆனா அடையாளம் காட்டறவங்க வாயால சொல்லணும். விதி அப்படி. சொந்தக்காரங்கள்ல வேற யாரும் இங்க இல்லையே."

"சின்னத்துரை" என்றேன்.

அவரும் எங்கள் ஆள்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய வீட்டிலும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள். "புரியுதும்மா," என்றார் மெதுவாக, "ஆனா அதை எழுத முடியாது."

என் பின்னால் நின்ற எவால்ட் அண்ணன், "நான் சொல்றேன் சார், எனக்குத் தெரியும்" என்று வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். இருபத்தொரு வருஷமாக என்னிடம்தான் கேட்டான். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

"துர்சின்" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இரண்டு அசைதான். வானம் இடிந்து விழவில்லை. மாமியார் எழுந்து வரவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். நான் மறுபடியும் சொன்னேன். கதவு திறந்திருந்த அந்த அறைப் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். நடையில் குன்சுலு அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தவில்லை.

எவால்ட் அண்ணன் என் தோளைப் பிடித்தார். "போதும் ஸெய்னெப். எழுதிட்டாரு. போதும்."

"ஒரு தடவைதானே கேட்டான் அண்ணே" என்றேன். "டயர்க் கடையில, உங்க முன்னாடி. ஒரே ஒரு தடவை சொல்லுங்க, ஸ்பிரிங்கை மாத்திடறேன்னுதானே கேட்டான்."